தினமும் திறப்பவை கைக்கெட்டும் தூரத்தில்: விண்டோஸ் 11 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினியில் நாம் அன்றாடம் திறப்பவை எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது. ஒரு பிரவுசர், ஒரு கணக்கு ஃபைல், வாட்ஸ்அப், இரண்டு மூன்று ஃபோல்டர், ஏதாவது ஒரு அரசுத் தளம். இருந்தும் ஒவ்வொரு முறையும் தேடித் தேடித்தான் திறக்கிறோம். கணினி வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருப்பதுதான் காரணம். உறவினர்கள், அக்கம்பக்கத்தினர், கூட வேலை செய்பவர்கள் எனப் பலர் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களுடைய விண்டோஸை ஒழுங்குபடுத்திக் கொடுத்திருக்கிறேன். அப்போது அவர்கள் கேட்டவைதான் இங்கே இருக்கும் கேள்விகள்.

வழிமுறைகள் விண்டோஸ் 11-க்கானவை. விண்டோஸ் 10-லும் பெரும்பாலானவை நடக்கும். திரையில் ஆங்கிலத்தில் வரும் மெனு பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். 'விண்டோஸ் விசை' என்றால் கீபோர்டின் கீழ்வரிசையில் நான்கு கட்டம் படம் போட்ட பொத்தான்.

எங்கிருந்து தொடங்குவது?

செட்டிங்ஸைத் திறப்பதற்கு முன் ஒரு துண்டுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள், கணினியில் எதைத் திறந்தாலும் அதன் பெயரை எழுதி ஒரு கோடு போடுங்கள். மூன்றாம் நாள் பார்த்தால் உங்கள் வேலை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். நான் உதவியவர்களில் அநேகமாக எல்லோருக்கும் இந்தத் தாள் ஒரு ஆச்சரியத்தைக் கொடுத்தது. முக்கியம் என்று நினைத்து முன்னால் வைத்திருந்தவற்றில் பாதியை அவர்கள் தொடவே இல்லை.

அப்புறம் பிரிப்பது எளிது. ஒரு நாளில் பல முறை திறப்பவை டாஸ்க்பாரில், அதாவது திரையின் அடியில் ஓடும் பட்டையில் இருக்கட்டும். நாளுக்கு ஒரு முறை திறப்பவை ஸ்டார்ட் மெனுவில். எப்போதாவது திறப்பவற்றுக்கு இடமே ஒதுக்க வேண்டாம், பெயரைத் தட்டித் தேடிக்கொள்ளலாம்.

டாஸ்க்பாரில் ஒரு புரோகிராமை எப்படி வைப்பது? எத்தனை வைக்கலாம்?

அந்தப் புரோகிராமைத் திறந்து, கீழே பட்டையில் வரும் அதன் ஐகானில் ரைட் கிளிக் செய்து 'பின் டு டாஸ்க்பார்' கொடுங்கள். மூடிய பிறகும் அது அங்கேயே இருக்கும். ஐகானைப் பிடித்து இழுத்தால் வரிசையை மாற்றலாம்.

வரிசைதான் இங்கே முக்கியம். விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு 1-ஐத் தட்டினால் முதல் ஐகான் திறக்கும், 2-ஐத் தட்டினால் இரண்டாவது. இப்படி 9 வரை போகும், பத்தாவதுக்கு 0. 2009-இல் வந்த விண்டோஸ் 7-லிருந்தே இந்த வசதி நம் கணினிகளில் இருக்கிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் புரோகிராமாக இருந்தால் புதிதாகத் திறக்காமல் அதையே முன்னால் கொண்டுவரும். ஸ்டார்ட், சர்ச், விட்ஜெட்ஸ் போன்றவை இந்த எண்ணிக்கையில் சேராது.

எத்தனை என்று கேட்டால், ஆறு அல்லது ஏழு என்பேன். பதினைந்து ஐகான்களை வரிசையாக வைத்தால் கண் மறுபடி தேட ஆரம்பித்துவிடும். இன்னொன்று: ஒரு முறை வைத்த வரிசையை மாற்றாதீர்கள். என் கணினியில் 1 ஃபைல் எக்ஸ்ப்ளோரர், 2 பிரவுசர், 3 எக்செல். பல வருடங்களாக இதே வரிசைதான். இப்போது எண்ணைப் பற்றி யோசிப்பதே இல்லை, விரல் தானாகப் போகிறது. கணினியில் வேகம் என்று நான் சொல்வது இதைத்தான். பொருள் இடம் மாறாமல் இருந்தால் கை அதைப் பழகிக்கொள்ளும். சமையலறையில் உப்பு டப்பாவைப் பார்க்காமலே எடுக்கிறோமே, அதுபோல.

பயன்படுத்தாத பட்டன்களை எடுத்துவிடுங்கள். டாஸ்க்பாரின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' போனால், விட்ஜெட்ஸ், டாஸ்க் வியூ, சர்ச் கட்டம் ஆகியவற்றை அணைக்கலாம்.

விண்டோஸ் 11-இல் ஐகான்கள் நடுவில் இருக்கின்றனவே, அப்படியே விடலாமா?

இடது பக்கம் மாற்றிவிடுங்கள். நடுவில் இருக்கும்போது, புதிதாக ஒரு புரோகிராம் திறந்தால் மொத்த வரிசையும் சற்று இடப்பக்கம் நகரும், மூடினால் திரும்பி வரும். காலையில் ஒரு இடத்தில் இருந்த ஸ்டார்ட் பட்டன் மதியம் வேறு இடத்தில் இருக்கும். கை எதைப் பழகும்?

மூலைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், ஓர் இலக்கைக் கை எட்டுவதற்கு ஆகும் நேரம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என்று சோதனைகளில் காட்டினார். பிறகு கணினித் திரைகளை வடிவமைத்தவர்கள் அதை மவுஸுக்கும் பொருத்திப் பார்த்தார்கள். திரையின் ஓரத்தைத் தாண்டி அம்பு போகாது என்பதால், மூலையைக் குறிபார்க்க வேண்டியதில்லை, மவுஸை அந்தப் பக்கம் ஒரு தள்ளு தள்ளினால் போதும். 1995-இல் விண்டோஸ் 95-உடன் வந்த ஸ்டார்ட் பட்டன் இத்தனை வருடம் இடது மூலையில் இருந்தது நமக்கு வசதியாகவே இருந்தது.

மாற்றும் வழி: டாஸ்க்பார் செட்டிங்ஸில் 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' என்ற பகுதியை விரித்து, 'டாஸ்க்பார் அலைன்மென்ட்' என்பதில் 'லெஃப்ட்' என்று வையுங்கள். உடனே மாறிவிடும்.

தினமும் ஒரே எக்செல் ஃபைலைத்தான் திறக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஃபோல்டருக்குள் போய்த் தேட வேண்டியிருக்கிறது.

இது பலருக்கும் தெரியாத வசதி. டாஸ்க்பாரில் உள்ள எக்செல் ஐகானில் ரைட் கிளிக் செய்யுங்கள். சமீபத்தில் திறந்த ஃபைல்கள் பட்டியலாக மேலெழும். உங்களுடைய ஃபைலின் மேல் அம்பைக் கொண்டுபோனால் ஓரத்தில் குண்டூசிப் படம் தெரியும். அதைத் தட்டினால் அந்த ஃபைல் பட்டியலில் நிலையாகத் தங்கிவிடும். அடுத்த நாளிலிருந்து ஒரு ரைட் கிளிக், ஒரு கிளிக், அவ்வளவுதான்.

வேர்டு, பவர்பாயின்ட் ஆகியவற்றிலும் இதே குண்டூசி உண்டு. மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு நண்பருக்கு எக்செல்லில் மூன்று ஃபைல்களை இப்படிக் குத்தி வைத்தேன்: வரவு செலவு, கடன் கணக்கு, சரக்கு இருப்பு. அவர் டி டிரைவுக்குள் ஐந்து ஃபோல்டர் தாண்டிப் போய்த் திறந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த ஃபோல்டருக்குள் போவதற்கு அவருக்கு வேலையே இல்லை.

ஃபைலை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் குத்தி வைத்தது வேலை செய்யாது. புதிய இடத்திலிருந்து ஒரு முறை திறந்து மறுபடி குத்த வேண்டும்.

நான்கைந்து எக்செல் ஃபைல்கள் திறந்திருந்தால் எல்லாம் ஒரே ஐகானுக்குள் போய்விடுகின்றன. தனித்தனியாகத் தெரிய வைக்க முடியுமா?

முடியும். டாஸ்க்பார் பிஹேவியர்ஸில் 'கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ் அண்ட் ஹைட் லேபிள்ஸ்' என்பதை 'நெவர்' என்று மாற்றுங்கள். ஒவ்வொரு ஃபைலும் பெயரோடு தனியாக நிற்கும். 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது இந்த வசதியை நீக்கியிருந்தார்கள். 2023-இல்தான் திரும்ப வந்தது. உங்கள் கணினியில் இது காணப்படவில்லை என்றால் விண்டோஸ் அப்டேட்டைப் போடுங்கள்.

டெஸ்க்டாப் முழுக்க ஃபைல்களை வைத்திருக்கிறேன். கண்ணெதிரே இருப்பது வசதிதானே?

ஒரு புரோகிராம் திறந்த உடனே டெஸ்க்டாப் மறைந்துவிடுகிறதே! கண்ணெதிரே இருக்க வேண்டும் என்று வைத்ததைப் பார்க்க எல்லா ஜன்னலையும் கீழிறக்க வேண்டியிருக்கிறது. அப்படிப் பார்க்க வேண்டியவர்கள் விண்டோஸ் விசையுடன் டெஸ்க்டாப் என்ற சொல்லின் முதல் எழுத்தான டி-யைத் தட்டுங்கள். மறுபடி தட்டினால் எல்லாம் பழையபடி வரும்.

வசதியைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு. டெஸ்க்டாப்பில் வைப்பது வழக்கமாக சி டிரைவில்தான் சேமிக்கப்படுகிறது. சில வருடங்களுக்கு முன் என் மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொடுத்தேன். சி டிரைவை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்கள். டி டிரைவில் இருந்தது அப்படியே இருந்தது. டெஸ்க்டாப்பில் வைத்திருந்த குடும்பப் புகைப்படங்கள் போய்விட்டன. அவற்றுள் என் பாட்டியின் கடைசிப் பிறந்தநாள் படங்களும் இருந்தன. இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அதனால் ஃபைலை டி டிரைவில் வைத்து, டெஸ்க்டாப்பில் அதன் ஷார்ட்கட்டை மட்டும் வையுங்கள். ஃபைலை ரைட் கிளிக்கால் பிடித்து டெஸ்க்டாப்புக்கு இழுத்து விட்டால் ஒரு சிறு மெனு வரும், அதில் 'கிரியேட் ஷார்ட்கட்ஸ் ஹியர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூலையில் சின்ன அம்புக்குறி போட்ட ஐகான் வரும். அது அழிந்தாலும் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. இதைச் செய்தாலும் முக்கியமான படங்களுக்குத் தனியாக ஒரு பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ பிரதி எடுத்து வைப்பதை விட்டுவிடாதீர்கள்.

பழைய 'மை கம்ப்யூட்டர்' ஐகான் எங்கே போயிற்று?

இப்போது அதன் பெயர் 'திஸ் பிசி'. செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், அதற்குள் தீம்ஸ், அதற்குள் 'டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸ்' போய் 'கம்ப்யூட்டர்' என்பதில் டிக் போட்டால் டெஸ்க்டாப்பில் வந்துவிடும்.

ஃபோல்டர்களைச் சீக்கிரம் திறக்க வழி உண்டா?

விண்டோஸ் விசையுடன் ஈ-யைத் தட்டினால் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். அடிக்கடி போகும் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'பின் டு குவிக் ஆக்சஸ்' கொடுத்தால் இடப்பக்கப் பட்டியலில் அது எப்போதும் இருக்கும். அங்கே மியூசிக், வீடியோஸ் என்று விண்டோஸ் தானே குத்தி வைத்திருப்பவற்றில் வேண்டாததை 'அன்பின்' செய்துவிடுங்கள். அன்பின் செய்வதால் ஃபோல்டர் அழியாது, பட்டியலிலிருந்து மட்டும் போகும்.

எக்ஸ்ப்ளோரர் திறந்ததும் நேராக டிரைவ்கள் தெரிய வேண்டும் என்பவர்கள், மேலே மூன்று புள்ளியைத் தட்டி 'ஆப்ஷன்ஸ்' போய், 'ஓபன் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் டு' என்பதில் 'திஸ் பிசி' என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டார்ட் மெனுவில் தேடுவது எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

மெனுவில் தேடாதீர்கள், தட்டித் தேடுங்கள். விண்டோஸ் விசையை ஒரு முறை தட்டிவிட்டு, எதையும் கிளிக் செய்யாமல், வேண்டிய புரோகிராமின் முதல் மூன்று நான்கு எழுத்துகளை அடித்து என்டர் தட்டினால் போதும். கால்குலேட்டர், பெயின்ட், பிரின்டர் செட்டிங்ஸ் எல்லாம் இப்படியே வரும். அந்த நேரத்தில் கீபோர்டு தமிழில் இருந்தால் தமிழ் எழுத்து விழுந்து ஒன்றும் கிடைக்காது. நிறையப் பேர் 'சர்ச் வேலை செய்யவில்லை' என்று என்னிடம் சொன்னதற்கு இதுதான் காரணமாக இருந்தது.

கணினியை நிறுத்தும் பட்டனுக்குப் பக்கத்தில் டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், செட்டிங்ஸ் ஆகியவற்றின் சிறு ஐகான்களை நிரந்தரமாக வைக்கலாம். பர்சனலைசேஷனுக்குள் 'ஸ்டார்ட்' போய் 'ஃபோல்டர்ஸ்' என்பதில் வேண்டியதை இயக்குங்கள். டவுன்லோட்ஸை அங்கே வைத்தாலே பாதித் தேடல் குறையும்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி டைப் செய்கிறேன். இதைச் சுலபமாக்க முடியுமா?

தமிழில் எழுதுகிறவர்கள் ஒரு நாளில் அதிகமாகச் செய்யும் மாற்றம் இதுதான். அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் செலவிடுவது தகும். தனியாக மென்பொருள் எதுவும் போடாமல் விண்டோஸிலேயே தமிழ் 99, அஞ்சல், ஒலிப்பு முறை என வெவ்வேறு கீபோர்டுகள் இருக்கின்றன. செட்டிங்ஸில் 'டைம் அண்ட் லாங்வேஜ்', அதற்குள் 'லாங்வேஜ் அண்ட் ரீஜன்' போய்த் தமிழைச் சேருங்கள். தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளியில் 'லாங்வேஜ் ஆப்ஷன்ஸ்' திறந்து 'ஆட் எ கீபோர்டு' கொடுத்தால் பட்டியல் வரும். புதிதாகக் கற்பவர்களுக்குத் தமிழ் 99-ஐச் சொல்வேன். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட முறை அது. உயிரெழுத்துகள் இடது கையிலும் பெரும்பாலான மெய்கள் வலது கையிலும் வருவதால் இரு கையும் மாறி மாறி ஓடும்.

மாற்றுவதற்கு விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பட்டியலில் நான்கு கீபோர்டு இருந்தால் ஒவ்வொரு தட்டலுக்கும் அடுத்தது, அடுத்தது என்று சுற்றும், எதில் நிற்கிறோம் என்றே தெரியாது. ஆங்கிலம் ஒன்று, தமிழ் ஒன்று, இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடுங்கள். அப்போது ஒரு தட்டலில் தமிழ், மறு தட்டலில் ஆங்கிலம்.

இன்னொரு வசதியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. 'டைம் அண்ட் லாங்வேஜ்' பகுதியில் 'டைப்பிங்', அதற்குள் 'அட்வான்ஸ்ட் கீபோர்டு செட்டிங்ஸ்' திறந்தால், ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனி மொழி வைத்துக்கொள்ளும் தேர்வு இருக்கும். அதில் டிக் போட்டால், வேர்டு தமிழிலேயே இருக்கும், பிரவுசர் ஆங்கிலத்திலேயே இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மொழியும் கூடவே மாறும். கட்டுரை எழுதிக்கொண்டே இணையத்தில் தேடுபவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற தமிழ் டைப்பிங் மென்பொருள்களில் பழகியவர்கள் அவற்றிலேயே தொடரலாம். கை பழகியதை விட வேண்டியதில்லை.

காப்பி செய்ததற்கு மேல் இன்னொன்றை காப்பி செய்தால் முதலாவது போய்விடுகிறதே?

விண்டோஸ் விசையுடன் வி தட்டுங்கள். முதல் முறை 'டர்ன் ஆன்' கேட்கும், கொடுங்கள். அதன்பின் காப்பி செய்த கடைசி 25 பொருள்கள் வரை பட்டியலாக இருக்கும், வேண்டியதைத் தட்டி ஒட்டலாம். கணினியை மறுபடி தொடங்கினால் பட்டியல் அழியும். ஆனால் குத்தி வைத்தவை அழியாது. முகவரி, ஜிஎஸ்டி எண், அடிக்கடி அனுப்பும் பதில் வாசகம் இவற்றைக் குத்தி வைத்தால் திரும்பத் திரும்ப டைப் செய்ய வேண்டாம். பாஸ்வேர்டை மட்டும் அங்கே குத்தாதீர்கள். பிறர் தொடும் கணினியில் இந்த வசதியையே இயக்காதீர்கள்.

ரைட் கிளிக் மெனு சுருங்கிவிட்டது. பழைய முழு மெனு வேண்டும்.

ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்கள்.

கணினி போட்டதும் என் பிரவுசரும் கணக்கு ஃபைலும் தானாகத் திறக்குமா?

திறக்கும். விண்டோஸ் விசையுடன் ஆர் தட்டினால் சிறு கட்டம் வரும். அதில் ஷெல், முக்காற்புள்ளி (:), ஸ்டார்ட்அப் மூன்றையும் இடைவெளியில்லாமல் ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் ஒரு ஃபோல்டர் திறக்கும். அதற்குள் எந்த ஷார்ட்கட்டைப் போட்டாலும் நீங்கள் உள்நுழைந்ததும் அது தானாகத் திறக்கும்.

அதே சமயம் நமக்குத் தெரியாமல் தொடங்குபவை எத்தனை என்று பார்ப்பதும் அவசியம். செட்டிங்ஸில் 'ஆப்ஸ்', அதற்குள் 'ஸ்டார்ட்அப்' திறந்து பாருங்கள். ஒவ்வொன்றும் கணினியை எவ்வளவு தாமதமாக்கும் என்று பக்கத்திலேயே குறித்திருக்கும். கேம், சாட், சந்திப்பு ஆப்கள் அங்கே இருந்தால் அணைத்துவிடலாம், வேண்டும்போது திறந்துகொள்ளலாம். ஆன்ட்டிவைரஸ், ஒலி, டச்பேட் சம்பந்தப்பட்டவற்றையும், நீங்கள் பயன்படுத்தும் தமிழ் டைப்பிங் மென்பொருளையும் தொடாதீர்கள். பெயர் புரியாததையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

ஒரு இணையதளத்தையே ஐகானாக வைக்க முடியுமா?

எட்ஜ் பிரவுசரில் அந்தத் தளத்தைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'மோர் டூல்ஸ்' போய் 'பின் டு டாஸ்க்பார்' கொடுங்கள். வங்கித் தளமாக இருந்தால் முகவரி சரிதானா என்று ஒரு முறை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டுக் குத்துங்கள். பிறகு தேடுபொறியில் வரும் போலி இணைப்புகளைத் தொடும் வாய்ப்பும் குறையும்.

வீட்டில் நான்கு பேர் ஒரே கணினி. நான் வைத்ததை வேறொருவர் மாற்றிவிடுகிறார்.

ஆளுக்கு ஒரு கணக்கு உருவாக்குங்கள். செட்டிங்ஸில் 'அக்கவுன்ட்ஸ்' பகுதியில் செய்யலாம். டாஸ்க்பார், டெஸ்க்டாப், குவிக் ஆக்சஸ் எல்லாம் அவரவருக்குத் தனி. எழுந்து போகும்போது விண்டோஸ் விசையுடன் எல் தட்டினால் திரை பூட்டிக்கொள்ளும்.

அலுவலகக் கணினியில் இதையெல்லாம் செய்ய அனுமதி இருக்குமா?

பின் செய்வது, குவிக் ஆக்சஸ் போன்றவற்றுக்குப் பொதுவாக நிர்வாகி அனுமதி தேவையில்லை. உங்கள் அலுவலகம் பூட்டி வைத்திருந்தால் அந்தத் தேர்வு மங்கலாகத் தெரியும். அப்போது சிஸ்டம் பார்ப்பவரைக் கேளுங்கள்.

அப்பாவுக்கு எழுபது வயது. டபுள் கிளிக்கே அவருக்கு வரவில்லை.

டபுள் கிளிக் தேவையே இல்லாமல் செய்துவிடலாம். எக்ஸ்ப்ளோரரின் அதே 'ஆப்ஷன்ஸ்' கட்டத்தில் 'சிங்கிள் கிளிக் டு ஓபன் ஆன் ஐட்டம்' என்ற தேர்வு உண்டு. அதை வைத்தால் டெஸ்க்டாப் ஐகான்களும் ஃபோல்டர்களும் ஒரே கிளிக்கில் திறக்கும். வயதானவர்களுக்குக் கணினி கற்றுக்கொடுக்கும்போது நான் முதலில் செய்வது இதைத்தான். விரல் நடுங்கும்போது இரண்டு கிளிக்குக்கு நடுவே மவுஸ் நகர்ந்துவிடும். அது அவர்கள் தவறு இல்லை. ஆனால் பலர் 'எனக்கு இது வராது' என்று எழுந்துவிடுகிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கும்.

அடுத்து செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி' பகுதியில் எழுத்தின் அளவையும் மவுஸ் அம்பின் அளவையும் கூட்டுங்கள். அம்புக்கு மஞ்சள் போன்ற பளிச்சென்ற நிறமும் கொடுக்கலாம். டெஸ்க்டாப்பில் மூன்று நான்கு ஐகான் போதும். செய்தி, பேரப்பிள்ளைகளின் படம், வீடியோ அழைப்பு. ஐகானின் பெயரைத் தமிழிலேயே மாற்றி எழுதலாம்: ரைட் கிளிக், 'ரீநேம்', 'பேத்தி படங்கள்'.

வேகப்படுத்தும் மென்பொருள் ஏதாவது போடலாமா?

ஒரே கிளிக்கில் கணினி பறக்கும் என்று விளம்பரம் செய்பவற்றை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அவற்றில் பல தாமே ஸ்டார்ட்அப்பில் உட்கார்ந்துகொள்பவை. கூடுதல் வசதி வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் இருக்கிறது. விண்டோஸ் 95 காலத்துப் பெயர் அது, 2019-இல் திறமூல மென்பொருளாகத் திரும்ப வந்தது. விசைகளை மாற்றி அமைப்பது, பெரிய திரையைக் கட்டங்களாகப் பிரித்து ஜன்னல்களை அடுக்குவது போன்றவை அதில் உண்டு. இங்கே சொன்னதெல்லாம் பழகிய பிறகு அதைப் பாருங்கள்.

மாற்றியது பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்க முடியுமா?

எல்லாவற்றையும் திருப்பலாம். குத்தியதை 'அன்பின்' செய்யலாம், தேர்வுகளை எந்த இடத்தில் மாற்றினீர்களோ அதே இடத்தில் திருப்பலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல், வாரத்துக்கு ஒன்று என்று போனால் எது உதவியது, எது தொந்தரவு என்று உங்களுக்கே தெரியும். முதல் வாரம் டாஸ்க்பாரின் வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மனதுக்குப் பிடித்தபடி அமைந்ததும் திரையை மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என்றாவது விண்டோஸைப் புதிதாகப் போட நேர்ந்தால் அந்தப் படத்தைப் பார்த்து அதே வரிசையில் திரும்ப அடுக்கிவிடலாம்.